கேன்ட்ரிக்கு முன்னால் இரண்டு நிமிடம்

காலை மணி 9.27. சிங்கப்பூர் மத்திய விரைவுச்சாலையில் பிராடல் ரோட்டுக்கு முன்னால் நிற்கும் அந்தக் கேன்ட்ரி, அதாவது கீழே போகும் வண்டிகளிடம் கட்டணம் பிடிக்கும் வளைவு, தூரத்தில் தெரிகிறது. எனக்கு முன்னால் ஒரு லோரி மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஓரத்தில் அவசரத்துக்கு ஒதுங்கும் பகுதியில் இரண்டு வண்டிகள் ஒன்றும் கெட்டுப்போகாமலே சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன. எல்லாருக்கும் ஒரே கணக்குதான், 9.30 ஆனதும் கட்டணம் நின்றுவிடும், இரண்டரை நிமிடம் இழுத்தடித்தால் இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) மிச்சம். என் வேனிலும் பின்னால் நாற்பது பேருக்கான சாப்பாடு சூடாக இருக்கிறது, நானும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

இது 1999இலோ 2000இலோ நடந்தது. நான் 1996லிருந்து சித்தப்பாவின் சமையற்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். ஆங் மோ கியோ தொழிற்பேட்டையில் சமையல், ஷென்டன் வே, ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் அலுவலகங்களுக்கு டெலிவரி. ஆக, நகருக்குள் வண்டி ஓட்டக் காசு வாங்கும் இந்த ஏற்பாட்டோடு எனக்கு ஏறக்குறைய முப்பது வருடப் பழக்கம். அதைத் திட்டியிருக்கிறேன், ஏமாற்ற வழி தேடியிருக்கிறேன், கடைசியில் தொழிலையே அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டேன். லண்டனில் 2003லிருந்து இருக்கிறது, நியூயார்க்கில் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. நம் ஊரிலும் வருமா, வந்தால் என்ன ஆகும் என்று சென்னையிலிருந்து மச்சான் அடிக்கடி கேட்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி மாதிரி இல்லை. சுங்கச்சாவடியில் ரோடு போட்ட காசை வசூலிக்கிறார்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் போனாலும் அதே காசுதான். இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள் எத்தனை கேன்ட்ரிக்குக் கீழே போனாலும் ஒரு காசு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் கிடையாது. கூட்டமான நேரத்தில் கூட்டமான இடத்துக்குள் நுழைகிறீர்களே, அதற்குத்தான் விலை.

இது தொடங்கியது 1975 ஜூன் மாதம். அப்போது கணினி, கேமரா எதுவும் இல்லை, காகிதம்தான். நகர மையத்தைச் சுற்றிக் கோடு போட்டு, காலை 7.30லிருந்து 9.30க்குள் கார் உள்ளே போகவேண்டுமென்றால் நாளைக்கு 3 வெள்ளி கொடுத்து உரிமத் தாள் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டவேண்டும். நுழைவாயிலில் நிற்கும் அதிகாரிகள் வண்டியை நிறுத்த மாட்டார்கள், தாள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் நம்பரைக் குறித்துக்கொள்வார்கள், அப்புறம் வீட்டுக்குக் கடிதம் வரும். காரில் நான்கு பேர் இருந்தால் மட்டும் தாள் வேண்டாம். என் பெரியப்பா அப்போது தோ பாயோவில் குடியிருந்தார். காலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றால் முன்பின் தெரியாதவர்கள் காரை நிறுத்தி "டவுன்தானே, ஏறிக்கங்க" என்பார்களாம். நாலாவது தலை வேண்டும், அவ்வளவுதான். பெரியப்பா பல மாதம் பஸ்ஸுக்குக் காசு கொடுக்காமலே வேலைக்குப் போனதாகப் பெருமையாகச் சொல்வார். அந்தச் சலுகையை 1989இல் எடுத்துவிட்டார்கள்.

அந்த முதல் வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. 9.30க்குக் கட்டணம் முடிகிறது என்றதும் ஜனம் வெளியே காத்திருந்து 9.31க்கு மொத்தமாக உள்ளே பாய்ந்தது. சில வாரங்களிலேயே முடிவு நேரத்தை 10.15க்குத் தள்ளினார்கள். கட்டுரையின் தொடக்கத்தில் நான் செய்த அதே வேலையைத்தான் என் அப்பா தலைமுறை அன்றைக்கே செய்திருக்கிறது.

நான் ஓட்ட வந்தபோது அந்தக் காகித முறையின் கடைசிக் காலம். வேனுக்கும் தாள் வேண்டும் என்று ஆகியிருந்தது. ஆனால் ஒருநாள் தாளை வாங்கிவிட்டால் அன்றைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் உள்ளே போகலாம், வெளியே வரலாம். எங்கள் சமையற்கூடம் அந்த வசதியில்தான் ஓடியது. எட்டு மணிக்கு ஒரு நடை, மறந்துபோன சாம்பார் வாளிக்கு இன்னொரு நடை, பத்தரைக்கு ஒருவர் போன் செய்து "இன்னும் ஐந்து பேர் வந்துட்டாங்க" என்றால் மூன்றாவது நடை. ஒருநாள் ஊறுகாய் மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். பொய்யில்லை, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், ஆங் மோ கியோவிலிருந்து ஷென்டன் வே வரைக்கும்.

1998இல் ஈஆர்பி வந்தது, மின்னியல் சாலைக் கட்டணம். செப்டம்பர் முதல் தேதி நகர மையத்துக்கு. வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் ஒரு சின்னக் கருவி, அதற்குள் பணம் ஏற்றிவைத்த கேஷ்கார்டைச் செருகிக்கொள்ளவேண்டும். சாலைக்குக் குறுக்கே வளைவு மாதிரி கேன்ட்ரி, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக இரண்டு. அதற்குக் கீழே போனால் கருவி 'பீப்' என்று ஒருமுறை கத்தும், காசு போய்விட்டது என்று அர்த்தம். கார்டு இல்லாமலோ பணம் இல்லாமலோ போனால் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும். வேனுக்கும் காருக்கும் ஒரே கட்டணம், மோட்டார்சைக்கிளுக்குப் பாதி, பெரிய லோரிக்கு ஒன்றரை மடங்கு, மிகப் பெரிய வண்டிக்கும் பஸ்ஸுக்கும் இரண்டு மடங்கு. சாலையில் அது அடைக்கும் இடத்துக்கு ஏற்ற கணக்கு.

எங்களைப் புரட்டிப்போட்டது தொழில்நுட்பமல்ல. 'நாளைக்கு ஒருமுறை' என்பது 'ஒவ்வொரு முறைக்கும்' என்று மாறியதுதான். முதல் வாரம் நான் பழைய பழக்கத்தில் நடைக்கு மேல் நடை ஓடினேன். சனிக்கிழமை சித்தப்பா கேஷ்கார்டை எடுத்துக்கொண்டு பெட்ரோல் ஸ்டேஷனுக்குப் போய் மீதியைப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் பேசவில்லை. கார்டை என் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "ஊறுகாய்க்கு எவ்வளவு விலை வைக்கலாம், நீயே சொல்லு" என்றார்.

அன்றைக்கு வாங்கின நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் கிளம்பிய நேரம், போய்ச் சேர்ந்த நேரம், எந்த கேன்ட்ரி, எவ்வளவு வெள்ளி, எதற்குப் போனேன் என்று எழுதினேன். இரண்டு வாரம் எழுதியதும் தெரிந்துவிட்டது, கட்டணத்தில் பாதிக்கு மேல் நாங்கள் சரியாகப் பேக் பண்ணாததால் போகிற காசு. விலை வைத்தவரைத் திட்டிக்கொண்டிருந்த நான் சமையற்கூடத்துக் கதவில் ஒரு சரிபார்ப்புத் தாளை ஒட்டினேன்: கரண்டி, சட்னி, தண்ணீர், ஊறுகாய், ரசீது. இரண்டாவது நடை அதோடு முக்கால்வாசி நின்றது. நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், இப்படி ஒரு கட்டணம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டால், வருவதற்கு முன்னாலேயே இரண்டு வாரம் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள். எரிபொருளிலேயே மிச்சம் தெரியும்.

அடுத்தது நேரம். இதுதான் பெரிய சண்டை. வாடிக்கையாளர்கள் காலை உணவை 8.30க்குக் கேட்பார்கள், அதாவது கட்டணம் உச்சத்தில் இருக்கும் அரைமணிக்குள் நான் கேன்ட்ரியைத் தாண்டவேண்டும். 7.30க்கு முன்னால் தாண்டிவிட்டால் ஒன்றும் இல்லை, சாலையும் காலி. ஆனால் ஏழே கால் மணிக்கு இட்லியைக் கொண்டுபோய் வைத்தால் எட்டரைக்கு அது என்ன கதியாகும்? ஹாட்பாக்ஸில் வைத்த இட்லி காய்ந்துபோவதில்லை, வேர்த்துப்போகிறது. மூடியின் உட்பக்கம் முத்து முத்தாய் நீர் கோத்து மேலடுக்கு இட்லி மேல் சொட்டும், எடுத்தால் கையோடு பிய்ந்து வரும். சித்தி கண்டுபிடித்த வழி, மூடிக்குக் கீழே மடித்த வெள்ளை வேட்டித் துணி ஒன்றை இறுக்கி விரிப்பது. துணி நீரை எடுத்துக்கொள்ளும், இட்லி பூப்போல இருக்கும். அந்த வேட்டித் துண்டுதான் எங்களைக் காலை உச்சநேரக் கட்டணத்திலிருந்து காப்பாற்றியது. தோசையைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம், அதற்கு எந்தத் துணியும் உதவாது.

வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் கற்றுக்கொண்டேன். "ஈஆர்பிக்காக இரண்டு வெள்ளி கூடுதல்" என்று பில்லில் போட்டால் சண்டைக்கு வருவார்கள். "ஏழே காலுக்கு வாங்கிக்கொண்டால் இந்த விலை, எட்டரைக்கு வேண்டுமென்றால் இந்த விலை" என்று முன்கூட்டியே இரண்டு விலை சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏழே காலுக்குச் சரி என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அரசாங்கம் என்னிடம் செய்ததை நான் அவர்களிடம் செய்தேன், அவ்வளவுதான்.

குறுக்குவழி மோகம் எல்லாருக்கும் ஒருமுறை வரும். எனக்கும் வந்தது. விரைவுச்சாலையை விட்டுவிட்டு அப்பர் தாம்சன், தாம்சன் ரோடு என்று உள்சாலையில் சுற்றிப் போனேன், ஒரு வாரம் விடாமல். விரைவுச்சாலையில் அப்போது இருபத்திரண்டு, இருபத்து மூன்று நிமிடம் ஆனது, உள்ளே சுற்றியதில் நாற்பதுக்குக் குறைந்து ஒருநாளும் ஆகவில்லை, ஒவ்வொரு விளக்கிலும் நின்று கிளம்பியதில் பெட்ரோலும் கூடிப்போனது. என்னைப் போலவே நிறையப் பேர் சுற்றினார்கள் போல, அப்படி ஜனம் ஓடிய சில சாலைகளிலும் பிறகு கேன்ட்ரி முளைத்துவிட்டது. குறுக்குவழி எல்லாருக்கும் தெரிந்தபின் அது குறுக்குவழி இல்லை.

கேன்ட்ரிக்கு முன்னால் ஊர்ந்து காத்திருந்த கதைக்கு வருகிறேன். அது வெறும் கஞ்சத்தனம் மட்டுமில்லை, ஆபத்தும் கூட. கட்டணம் குறையும் நேரத்துக்கு முன்னால் ஆட்கள் ஊர்வார்கள், கட்டணம் கூடும் நேரத்துக்கு முன்னால் பறப்பார்கள். ஒருநாள் 8.29க்கு என்னை இடப்பக்கமாக முந்திக்கொண்டு பறந்த ஒரு கார், கேன்ட்ரியைத் தாண்டியதும் பிரேக் போட்ட வேகத்தில் எங்கள் சாம்பார் வாளி சாய்ந்து, வேன் முழுக்க மூன்று நாள் பெருங்காய வாசனை. 2003இல் கட்டணம் மாறும் முதல் ஐந்து நிமிடத்துக்கு இடைப்பட்ட ஒரு தொகையைச் சில இடங்களில் கொண்டுவந்தார்கள், சட்டென்று ஒரு வெள்ளி ஏறாமல் படிப்படியாக ஏறும்படி. பறப்பதும் ஊர்வதும் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. என் சொந்தத் தீர்வு அதைவிடச் சுலபம். காத்திருப்பது என்று முடிவு செய்தால் விரைவுச்சாலையில் ஏறுவதற்கு முன்னால், ஆங் மோ கியோ காப்பிக்கடையில் காத்திரு. ஒரு கோப்பி-ஓ, பால் சேர்க்காத காப்பி, குடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பு. கோப்பிக் காசும் கேன்ட்ரிக் காசும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று சித்தப்பா கிண்டல் பண்ணுவார், பரவாயில்லை, கோப்பியாவது வயிற்றுக்குள் போகிறது.

கட்டணத்தை யார் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. காசு போதவில்லை என்றால் ஏற்றுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் வேகத்தை அளந்து முடிவு செய்கிறார்கள். விரைவுச்சாலையில் மணிக்கு 45லிருந்து 65 கிலோமீட்டர், நகரின் முக்கியச் சாலைகளில் 20லிருந்து 30, இதுதான் இலக்கு. வேகம் கீழ்வரம்புக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில், அந்த அரைமணிக்கு மட்டும் விலை ஏறும். மேல்வரம்பைத் தாண்டி வண்டிகள் சும்மா பறந்தால் விலை இறங்கும், சில நேரம் பூச்சியமே ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் தனியாக. இது தெரிந்தபின் நான் செய்த காரியம், மறுஆய்வுத் தேதிகளை நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டேன். பள்ளி விடுமுறையில் விலை இறங்கும்போது எட்டரை மணி டெலிவரியைத் தைரியமாக ஒப்புக்கொள்வேன். தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் ஒரு மணியோடு கட்டணம் நின்றுவிடும், சீனப் புத்தாண்டு, ஹரி ராயா, கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தின நாளும் அப்படியே. எங்கள் முறுக்கு, அதிரச டின்கள் அன்றைக்குச் சாயங்காலம்தான் நகருக்குள் போகும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேஷ்கார்டை வண்டியிலேயே விட்டுவிட்டு வெயிலில் நிறுத்திவைப்பேன். ஒருநாள் அது வெப்பத்தில் வளைந்து, கருவிக்குள் செருகியும் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரு 'பீப்'புக்குப் பதிலாகப் பல 'பீப்' கேட்டது, ரேடியோவில் பாட்டு சத்தமாக ஓடியதால் நான் கவனிக்கவில்லை. அன்றைக்கே இன்னொரு கேன்ட்ரி வேறு. கட்டணத்தோடு 10 வெள்ளி நிர்வாகக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்தது. அதைச் சமையற்கூட மேசையில் பில்களோடு பில்லாக வைத்துவிட்டு மறந்தேன், 70 வெள்ளி அபராதமாக வளர்ந்து வந்தது. இரண்டு வெள்ளிக்கு ஆரம்பித்த கதை. அதிலிருந்து கார்டு சட்டைப்பையில், கேன்ட்ரி நெருங்கும்போது ரேடியோ மெதுவாக.

இதெல்லாம் சொல்கிறேனே தவிர, இந்த விலை எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது என்பதையும் பார்த்திருக்கிறேன். மெர்சிடிஸில் போகும் தவுக்கேக்கு, பெரிய முதலாளிக்கு, மூன்று வெள்ளி ஒரு பொருட்டா? நகருக்குள் வண்டி குறைந்ததில் அவருக்குத்தான் லாபம், சாலை காலியாகிவிட்டது. நேரத்தை மாற்ற முடிந்த என்னைப் போன்றவர்கள் தப்பித்துக்கொண்டோம். மாற்ற முடியாதவர்கள்தான் கொடுக்கிறார்கள்: எட்டு மணிக்கு ஆள் நிற்கவேண்டிய கட்டுமான இடத்துக்கு லோரி ஓட்டுகிறவர், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு ஓடும் அம்மா. வசூலாகும் பணம் பஸ்ஸுக்கென்றோ ரயிலுக்கென்றோ தனியாக ஒதுக்கப்படுவதில்லை, அரசின் பொது நிதிக்குப் போகிறது. லண்டனில் போக்குவரத்துக்கே செலவழிக்கவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, எனக்கு அது பிடித்திருக்கிறது.

அதேபோல, கேன்ட்ரி மட்டும்தான் சிங்கப்பூர்ச் சாலையைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துவிடக்கூடாது. இங்கே கார் வாங்குவதற்கே சிஓஇ என்ற உரிமச் சான்றிதழை ஏலத்தில் எடுக்கவேண்டும், 1990லிருந்து அப்படித்தான். 2023இல் பெரிய கார்களுக்கு அது ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தொட்டது, காரின் விலை தனி. அப்புறம் ரயில். ஆங் மோ கியோவுக்கு 1987லேயே எம்ஆர்டி வந்துவிட்டது. எங்களிடம் பத்துப் பன்னிரண்டு பொட்டலச் சின்ன ஆர்டர் வந்தால் வேனை எடுப்பதில்லை, உதவியாள் தம்பி இரண்டு பையில் போட்டுக்கொண்டு ராஃபிள்ஸ் பிளேஸுக்கு ரயிலில் போய்விடுவான். ரயிலுக்குள் சாப்பிட்டால்தான் அபராதம், சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போக ஒன்றும் இல்லை. (வாசனை தூக்கும் டுரியான் பழத்துக்கு மட்டும் இடமில்லை.) மச்சானிடம் நான் சொன்னது இதுதான்: அண்ணா சாலைக்குள் நுழைய நூறு ரூபாய் என்று நாளைக்கே போட்டால், காரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவனுக்கு ஏறுவதற்கு ஒரு பஸ் நிற்கவேண்டும், அதில் கால்வைக்க இடமும் இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் நெரிசல் அப்படியே இருக்கும், கூட நூறு ரூபாயும் போகும்.

2020 ஏப்ரலில் கோவிட் ஊரடங்கு வந்தபோது எல்லா கேன்ட்ரியையும் நிறுத்தினார்கள். அந்த நாட்களில் நான் விடுதிகளில் தங்கியிருந்த ஊழியர்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஓடினேன். காலை எட்டரை மணிக்கு மத்திய விரைவுச்சாலையில் நான் ஒருவன், கேன்ட்ரியில் விளக்கு இல்லை, கருவி கத்தவில்லை. முதல் இரண்டு நாள் கேன்ட்ரியைத் தாண்டும்போதெல்லாம் கார்டு கெட்டுவிட்டதோ என்று கை தானாகக் கருவிக்குப் போனது. ஜூலைக் கடைசியில் சில விரைவுச்சாலைகளில் திரும்ப வந்தது. சாலை மறுபடி நிறையத் தொடங்கியிருந்தது, அதனால்தான்.

இப்போது பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுச் செயற்கைக்கோளோடு பேசும் புதிய கருவியைப் பொருத்துகிறார்கள், 2023 இறுதியில் தொடங்கியது. கேன்ட்ரியே தேவைப்படாத முறை, ஓடும் தூரத்துக்கு ஏற்றபடி கட்டணம் வாங்கக்கூட அதால் முடியும், இப்போதைக்கு அப்படி வாங்கவில்லை. கருவி மூன்று துண்டு, திரை கண்ணாடிக்கருகே, முக்கியப் பெட்டி முன்சீட்டுப் பயணியின் காலடியில். சித்தி முன்சீட்டில் தயிர் வாளியை வைத்துக்கொண்டு ஏறும்போதெல்லாம் அந்தப் பெட்டியைக் காலால் தடவிப் பார்த்துவிட்டு ஒரு முறை முறைப்பார்.

இப்போது வேனைப் பெரும்பாலும் சித்தப்பா மகன் ஓட்டுகிறான். போன வாரம் அவனோடு போனேன். திரையில் முன்னால் கேன்ட்ரி இருக்கிறது, கட்டணம் இவ்வளவு என்று முன்கூட்டியே காட்டுகிறது. மணியைப் பார்த்தேன், விலை இறங்க இன்னும் இரண்டு நிமிடம். என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது, பிரேக் அந்தப் பக்கம் இல்லை என்பது தெரிந்தும். அவன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"அண்ணே, ஏழே கால் டெலிவரியெல்லாம் முடிஞ்சாச்சு, இது எட்டரை ரேட் பார்ட்டி. அவங்க காசு கொடுத்துட்டாங்க."

பீப்.